அப்பாவின் குடும்ப ஓய்வூதியம் வந்தால் அம்மாவின் 2,711 ரூபாய் நின்றுவிடுமா?

நீடாமங்கலம் காயில்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பா ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்து 2009-ல் ஓய்வு பெற்றவர். போன கார்த்திகையில், நவம்பர் 27 அன்று தவறிவிட்டார். 74 வயது. கடைசி மாதம் வரை கருவூலத்திலிருந்து நாற்பதாயிரத்துச் சொச்சம் வந்துகொண்டிருந்தது.

அம்மா ஓர் அரசுக் கழகத்தின் நவீன அரிசி ஆலையில் 1996-ல் சேர்ந்தவர். முதலில் நெல் அவிக்கும் பக்கம், கடைசிப் பத்து வருஷம் எடைமேடையில் சீட்டு எழுதும் வேலை. 2018-ல் 58 முடிந்து வெளியே வந்தார். அவருக்கு பி.எஃப். பென்ஷன் மாதம் 2,711 ரூபாய். 2018-ல் என்ன வந்ததோ அதேதான் இன்றைக்கும். ஒரு ரூபாய் ஏறவில்லை.

இப்போது சிக்கல் என்னவென்றால், அப்பாவின் குடும்ப ஓய்வூதியத்துக்கு விண்ணப்பம் எழுதி வைத்து இரண்டு மாதம் ஆகிறது, அம்மா கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறார். காரியத்துக்கு வந்த உறவுக்காரர் ஒருவர், பந்தியில் உட்கார்ந்துகொண்டே, "ஒரு ஆளுக்கு ஒரு பென்ஷன்தான் கவர்மெண்டு கொடுக்கும், பெருசு வந்தா சின்னதை வெட்டிடுவான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அன்றிலிருந்து அம்மா அதையே பிடித்துக்கொண்டார். "என் பென்ஷன் நிக்கிறதுன்னா உங்கப்பா பென்ஷன் எனக்கு வேணாம்."

நான் கணக்குப் போட்டுக் காட்டினேன். இருபதாயிரத்துக்கு மேல் வரும்போது இரண்டாயிரத்து எழுநூறு போனால் என்னம்மா என்றேன். "கணக்கு எனக்குத் தெரியும்டா, எடைமேடையில நின்னவ நான்" என்றார். அதற்கு மேல் பேச முடியவில்லை. அப்பா இருந்த காலத்தில் அவர் பென்ஷனில்தான் வீடு ஓடியது. அம்மாவின் 2,711 தனி. தபால் ஆபீஸ் ஆர்.டி.யில் 500, மீதி அவர் கைச்செலவு. பேரப்பிள்ளைகளுக்குத் தீபாவளிக்குச் சட்டை எடுப்பது அந்தப் பணத்தில்தான். அப்பாவிடம் கேட்டு எடுத்ததாக நான் பார்த்ததே இல்லை.

ஆகவே முதல் கேள்வி: இரண்டும் சேர்ந்து வாங்கலாமா?

இரண்டாவது, அப்பாவின் பென்ஷன் புத்தகத்தில் அம்மா பெயரின் கடைசியில் "லெட்சுமி" என்று இருக்கிறது. நம்ம பக்கத்து எழுத்து. ஆதாரில் எவனோ "லட்சுமி" என்று அடித்துவிட்டான். இதனால் திருப்பி அனுப்புவார்களா?

மூன்றாவது, என் அம்மாயிக்கு, அம்மாவின் அம்மாவுக்கு, 86 வயது. எடமேலையூரில் தன் கூரை வீட்டில் தனியாக இருக்கிறார். முதியோர் உதவித்தொகை 1,200 வாங்குகிறார். மகளுக்கு அரசுப் பென்ஷன் வருகிறது என்று அதை நிறுத்துவார்களா?

கடைசியாக, ரேஷன் கடைக்காரர் அப்பா பெயரை நீக்கும்போதே அம்மாவை எங்கள் கார்டில் சேர்த்துவிடச் சொல்கிறார். என் மனைவிக்கு மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் வருகிறது, அம்மாவைச் சேர்த்தால் அது நிற்குமா? நாங்கள் அடுத்த வாசல்தான். சுவர் ஒன்று, அடுப்பு தனி.

நான் மோட்டார் காயில் கட்டுகிறவன். எனக்குப் பென்ஷன் என்று எதுவும் கிடையாது. அடல் பென்ஷனில் 40 வயதுக்குள் சேர்ந்திருக்க வேண்டுமாம், எனக்கு 42. அதனால் இந்த விஷயத்தில் எனக்கு அனுபவம் பூஜ்யம். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

முள்ளியாற்றுக்காரன்:

எதற்கு வம்பு? கருவூலத்தில் பி.எஃப். பென்ஷனைப் பற்றி வாயே திறக்காதீர்கள். அது மத்திய அரசு, இது மாநில அரசு. இவனுக்கு அவனைத் தெரியாது. ஓடும் வரை ஓடட்டும்.

ஐயாறு வாசகி:

மேலே எழுதியவர் மன்னிக்கணும், இது தப்பான யோசனை. மறைத்துவிட்டுக் காலமெல்லாம் பயந்துகொண்டு இருக்கணும். மறைப்பதற்கு இதில் ஒன்றுமே இல்லை என்பதுதான் வேடிக்கை.

தம்பி, நான் கருவூலத்தில் 31 வருஷம் வேலை பார்த்தவள். கடைசி எட்டு வருஷம் ஓய்வூதியப் பிரிவு. அம்மாவிடம் இதைப் படித்தே காட்டுங்கள்: இரண்டும் வாங்கலாம். ஒன்று வந்தால் இன்னொன்று ஒரு ரூபாய்கூடக் குறையாது.

ஏன் என்றால் இரண்டும் வேறு வேறு பானையில் வெந்த சோறு. உங்கள் அப்பாவுடையது தமிழ்நாடு ஓய்வூதிய விதிகள் 1978-ன்படி, அவர் பார்த்த அரசு வேலைக்காக, மாநில அரசின் கஜானாவிலிருந்து வருவது. உங்கள் அம்மாவுடையது 1995 நவம்பர் 16-ல் தொடங்கிய தொழிலாளர் ஓய்வூதியத் திட்டம். முதலாளி கட்டுகிற பங்கிலிருந்து சம்பளத்தில் 8.33 சதவீதம் அந்த நிதிக்குப் போகிறது, மத்திய அரசு தன் பங்காக 1.16 சதவீதம் போடுகிறது. ஆலை அரசுக் கழகத்துடையது என்றாலும் அம்மா அரசு ஊழியர் அல்ல, பி.எஃப். உறுப்பினர். அரசுக் கழகம், மின்சாரம், கூட்டுறவு என்று எல்லாவற்றையும் ஊரில் "கவர்மெண்டு வேலை" என்றே சொல்லிச் சொல்லி, பென்ஷன் என்று வரும்போதுதான் எது எது என்று தெரியாமல் முழிக்கிறோம்.

அந்த 2,711 எங்கிருந்து வந்தது என்றும் சொல்லிவிடுகிறேன், அம்மாவுக்குக் கணக்குப் பிடிக்கும் என்று தெரிகிறது. சம்பளத்தைச் சேவை ஆண்டால் பெருக்கி 70-ஆல் வகுக்கணும். ஆனால் உண்மையான சம்பளம் அல்ல. உச்சவரம்பு 2014 ஆகஸ்ட் வரை 6,500, அதற்குப் பிறகு 15,000. 1996-லிருந்து 2014 வரை பதினெட்டு வருஷத்துக்குச் சுமார் 1,700. மீதி நாலு வருஷத்துக்கு 800 சொச்சம். இருபது வருஷம் தாண்டியதால் இரண்டு வருஷம் சலுகையாகச் சேர்ப்பார்கள். சரியாக வந்துவிட்டது பாருங்கள். இதற்கு அகவிலைப்படி கிடையாது, அதனால்தான் அப்படியே நிற்கிறது. எனக்கு இதில் மனவருத்தம் உண்டு, ஆனால் அது வேறு கதை.

பந்தியில் உட்கார்ந்து சொன்னாரே ஒருவர், அவர் முழுக்கக் கற்பனையாகச் சொல்லவில்லை. எங்கோ அரைகுறையாகக் கேட்டிருக்கிறார். குடும்ப ஓய்வூதியத்தில் வருமான வரம்பு என்று ஒன்று உண்டு. அது இறந்தவரின் பெற்றோர், திருமணமாகாத அல்லது விதவையான மகள் போன்றவர்களுக்குத்தான். மனைவிக்கோ கணவருக்கோ வரம்பு இல்லை. அம்மா இன்றைக்கும் வேலைக்குப் போய் லட்ச ரூபாய் சம்பாதித்தாலும் அப்பாவின் குடும்ப ஓய்வூதியம் வரும். எங்கள் பிரிவிலேயே வேலை பார்த்த ஒரு அம்மா, கணவருடைய குடும்ப ஓய்வூதியத்தையும் தன்னுடைய சொந்த ஓய்வூதியத்தையும் சேர்த்தே வாங்கினார்.

எவ்வளவு வரும்? கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம். முதல் ஏழு வருஷத்துக்குக் கூடுதல் வீதம் என்று ஒன்று உண்டு, ஆனால் அது ஓய்வு பெற்றவருக்கு 65 வயது நிரம்பும் நாளோடு முடிந்துவிடும். உங்கள் அப்பா அதைத் தாண்டிவிட்டார். நாற்பதாயிரத்துச் சொச்சம் என்றீர்கள். பின்னாலிருந்து பார்த்தால் 2009-ல் கடைசிச் சம்பளம் 20,000 ஒட்டி இருந்திருக்கும். அப்படியானால் ஓய்வூதியம் 10,000, குடும்ப ஓய்வூதியம் 6,000. 2017-ல் ஊதியத் திருத்தம் வந்தபோது இரண்டையும் 2.57-ஆல் பெருக்கினார்கள். 6,000 என்பது 15,420 ஆனது. 2025 ஜூலை முதல் அகவிலைப்படி 58 சதவீதம், அது ஒரு 8,944. ஆக 24,364, அதோடு மருத்துவப்படி 300. மருத்துவக் காப்பீட்டுக்குப் பிடித்தம் போகும். சரியான அடிப்படைத் தொகை அப்பாவின் புத்தகத்திலேயே இருக்கும், எடுத்துப் பாருங்கள்.

அப்பா ஓய்வு பெறும்போது கம்யூட்டேஷன், அதாவது ஓய்வூதியத்தில் ஒரு பகுதியை முன்கூட்டியே மொத்தமாக, வாங்கியிருந்தால் அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. குடும்ப ஓய்வூதியத்தில் அதைப் பிடிக்க மாட்டார்கள். போதாததற்கு அவருக்கு அந்தப் பிடித்தத்தின் 15 வருஷமும் 2024-லேயே முடிந்திருக்கும்.

தேனாம்பேட்டை மாநிலக் கணக்காயர் அலுவலகத்துக்கு எழுத வேண்டியதில்லை. புத்தகத்தில் மனைவி பெயரும் கூட்டுப் புகைப்படமும் இருந்தால் உங்கள் சார்கருவூலத்திலேயே தொடங்கிவிடுவார்கள். இறப்புச் சான்று, ஓய்வூதியப் புத்தகம், அம்மாவின் ஆதார், பான், அம்மா பெயரில் வங்கிக் கணக்கு, இவை போதும். லெட்சுமி விவகாரம் நம் ஜில்லாவில் தினமும் வருவது. இருவரும் ஒருவரே என்று தாசில்தாரிடம் ஒரு சான்று வாங்கி வைத்துவிடுங்கள். இல்லாமலும் சிலர் ஏற்றுக்கொள்வார்கள். ஆனால் அந்த நாற்காலியில் அன்றைக்கு யார் உட்கார்ந்திருப்பார் என்று உங்களுக்குத் தெரியாதே.

இன்னொன்று, குடும்பப் பாதுகாப்பு நிதி என்று அப்பாவின் ஓய்வூதியத்தில் மாதாமாதம் பிடித்திருப்பார்கள். அவர் இறந்தால் 50,000 ரூபாய் அம்மாவுக்கு வரணும். அதற்குத் தனி விண்ணப்பம். என் மேசைக்கு வந்தவர்களில் பலர் இதைக் கேட்டதே இல்லை. நானாகச் சொல்லித்தான் எழுதி வாங்குவேன்.

உயிர்ச்சான்று இரண்டுக்கும் தனித்தனி. கருவூலத்துக்கு வருஷாந்திர நேர்காணல். பி.எஃப்.க்கு எந்த மாதம் கொடுக்கிறீர்களோ அதிலிருந்து ஒரு வருஷம் செல்லும். தபால்காரர் கைரேகைக் கருவியோடு வீட்டுக்கே வருவார், ஒரு சான்றுக்கு 70 ரூபாய். அவரிடம் ஓய்வூதிய எண் இரண்டு இருக்கிறது, இரண்டையும் போடுங்கள் என்று சொல்லணும். ஒன்றைப் போட்டுவிட்டு இரண்டும் ஆயிற்று என்று நினைத்து, ஆறு மாதம் கழித்து ஒன்று நின்ற பிறகு, "பார்த்தீங்களா, வெட்டிட்டான்" என்று வருவார்கள். உங்கள் உறவுக்காரரின் கதை அப்படிக்கூடப் பிறந்திருக்கலாம்.

அம்மாயியின் உதவித்தொகை வருவாய்த் துறை விஷயம், என் எல்லைக்கு வெளியே. தெரிந்தவர்கள் சொல்லட்டும். கார்டு விஷயத்தில் மட்டும் ஒரு வார்த்தை: அரசு ஓய்வூதியதாரர் இருக்கிற குடும்பத்துக்கு உரிமைத் தொகை கிடையாது, குடும்பம் என்பதற்கு அவர்கள் பார்ப்பது ரேஷன் கார்டு. அடுப்பு நிஜமாகவே தனி என்றால் கார்டும் தனியாகவே இருக்கட்டும். ஆயிரம் ரூபாய்க்காகப் பொய்யாகப் பிரிக்கச் சொல்லவில்லை.

உப்பளத்துக் காற்று:

வாசகி அக்கா சொன்னதில் முதியோர் உதவித்தொகை விடுபட்டதால் எழுதுகிறேன். ஒரு ஆளுக்கு ஒரு பென்ஷன் என்பது அங்கேதான் நிஜம்.

என் சித்தப்பா ஒரு தனியார் கம்பெனியில் பன்னிரண்டு வருஷம் காவலாளியாக இருந்தார். 58-ல் பி.எஃப். பென்ஷன் கணக்குப் பார்த்தால் எழுநூறு சொச்சம்தான். 2014 செப்டம்பரில் குறைந்தபட்சம் 1,000 என்று ஆக்கியதால் அது ஆயிரம் ஆனது. அன்று முதல் இன்று வரை ஆயிரம். கூட வேலை பார்த்த இன்னொருவர் ஒன்பது வருஷத்தில் விட்டுவிட்டார். பத்து வருஷம் இல்லாததால் அவருக்குப் பென்ஷன் இல்லை, கட்டிய பணத்தை மொத்தமாக வாங்கிச் செலவழித்துவிட்டார். 60 ஆனதும் இருவரும் முதியோர் உதவித்தொகைக்கு எழுதினார்கள். சித்தப்பாவின் மனு தள்ளுபடி: வேறு ஓய்வூதியம் பெறுகிறார். கூட வேலை பார்த்தவருக்குக் கிடைத்தது. 2023 ஆகஸ்டில் அந்த உதவித்தொகை 1,200 ஆகிவிட்டது. ஆக மூன்று வருஷம் கூடுதலாகக் காவல் காத்ததற்குச் சித்தப்பாவுக்கு மாதம் இருநூறு ரூபாய் அபராதம். சாயங்காலம் இருவரும் ஒரே டீக்கடையில்தான் உட்காருகிறார்கள், டீக்காசு யார் கொடுப்பது என்று தினமும் சண்டை.

உங்கள் அம்மாயி கதை வேறு. அவருக்கு வேறு பென்ஷன் எதுவும் இல்லை, தனி வீட்டில் தனியாக இருக்கிறார். பார்ப்பது அவருடைய நிலைமையை. மகள் பணக்காரி ஆகிவிட்டார் என்று மூன்றாம் மனிதர் யாராவது மொட்டை மனு போட்டால் கிராம நிர்வாக அலுவலர் வந்து விசாரிப்பார், உள்ளதைச் சொல்லுங்கள். அம்மாயியை உங்கள் வீட்டோடு கூட்டிவந்து வைத்துக்கொண்டால் அப்போது கேள்வி வரலாம். ஆதரவற்றவருக்கு என்றுதானே அந்தத் தொகை.

நீடாமங்கலம் காயில்காரன்:

அக்கா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. முழுவதையும் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். 70-ஆல் வகுக்கிற இடம் வந்ததும் நிறுத்தச் சொல்லி, கேலண்டர் தாளைக் கிழித்து அதன் பின்பக்கத்தில் தானே போட்டுப் பார்த்தார். முதல் பகுதி 1,695, அடுத்தது 820 என்று எழுதி, சலுகை இரண்டு வருஷத்தையும் கூட்டி, "சரிதான், பத்து ரூபா முன்ன பின்ன வருது" என்றார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

பரணிலிருந்து டிரங்குப் பெட்டியை இறக்கி அப்பாவின் புத்தகத்தை எடுத்தோம். கூட்டுப் புகைப்படம் இருக்கிறது. மன்னார்குடி ஸ்டுடியோவில் எடுத்தது. அப்பா சட்டைப்பையில் இரண்டு பேனா. அம்மா ஃபிளாஷுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு இருக்கிறார். அதன் கீழே நீங்கள் சொன்ன வரி அப்படியே இருக்கிறது, 6,000-க்குப் பதில் 5,940.

ஆனால் ஒரு தப்பு நடந்துவிட்டது, மறைக்காமல் சொல்கிறேன். அப்பா போன விஷயத்தைக் கருவூலத்துக்கு உடனே எழுதவில்லை. டிசம்பர் மாதப் பென்ஷனும் அவர் கணக்கில் முழுசாக ஏறிவிட்டது. ஏ.டி.எம். கார்டு என்னிடம் இருந்தது, கருமாதிச் செலவுக்கு இரண்டு தடவையாக எடுத்துவிட்டேன். யாரும் சொல்லாததால் தப்பு என்றே தெரியாது. இதற்காக அம்மாவுடையதை நிறுத்திவைப்பார்களா?

ஐயாறு வாசகி:

பத்தில் நாலு வீட்டில் நடப்பதுதான், பதறாதீர்கள். 27-ஆம் தேதி வரைக்கும்தான் அது அப்பாவின் பணம். 28-லிருந்து அம்மாவின் குடும்ப ஓய்வூதியம் தொடங்கிவிட்டது. விண்ணப்பத்தோடு டிசம்பர் தொகை எடுக்கப்பட்டது, நிலுவையில் கழித்துக்கொள்ளவும் என்று நீங்களே ஒரு கடிதம் வையுங்கள். கேட்ட பிறகு சொல்வதற்கும் கேட்கும் முன் சொல்வதற்கும் வித்தியாசம் உண்டு. அம்மாவுக்குச் சேர வேண்டிய நிலுவையிலிருந்து பிடித்துக்கொள்வார்கள். முதல் மாதம் கையில் குறைவாக வரும், அதை அம்மாவிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் பந்திக்காரர் சொன்னது பலித்துவிட்டது என்று நினைப்பார்.

அந்தக் கார்டை இனி தொடாதீர்கள். வங்கிக்கும் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

வரி பற்றி யாரும் கேட்கவில்லை, ஆனாலும்: இரண்டும் சேர்த்து வருஷத்துக்கு மூன்றேகால் லட்சம்தான் ஆகிறது. புதிய முறையில் 12 லட்சம் வரை வரி இல்லை.

நீடாமங்கலம் காயில்காரன்:

பின்னால் தேடி வருகிறவர்களுக்காக எழுதிவிடுகிறேன்.

திங்கட்கிழமை அம்மாவைப் பைக்கில் வைத்துக் கூட்டிப்போனேன். வழக்கம்போல நம்ம ரயில்வே கேட் சாத்திவிட்டான், அரை மணி நேரம். கருவூலத்தில் இருந்த பெண் நல்ல மாதிரி. அக்கா சொன்ன கடிதத்தைப் படித்துவிட்டு, "யார் எழுதிக் கொடுத்தது?" என்று கேட்டார். மறுமணம் செய்துகொள்ளவில்லை என்று ஒரு உறுதிமொழி கேட்டார்கள். அம்மா 66 வயதில் அதைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார், அந்தப் பெண்ணைப் பார்த்தார். "வருஷா வருஷம் எழுதணுமா?" என்றார். ஆமாம் என்றதும், "சரி, எழுதுவோம்" என்று போட்டார். லெட்சுமிக்கு மட்டும் சான்று கேட்டார்கள், விண்ணப்பித்திருக்கிறேன்.

பி.எஃப். பென்ஷன் இருக்கிறது என்பதையும் அம்மாவே சொல்லிவிட்டார், யாரும் கேட்காமல். அந்தப் பெண் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "அது எங்களுக்கு வேண்டாம்மா" என்றார்.

50,000-க்கான விண்ணப்பமும் கொடுத்தாயிற்று. நேற்று மாலை 2,711 வந்த குறுஞ்செய்தியை அம்மாவிடம் காட்டினேன். நாளைக்கு எடமேலையூர் போகணும், அம்மாயிக்கு ஒரு கம்பளி வாங்கணும் என்றார். மாசி வெயிலில் எதற்குக் கம்பளி என்று நான் கேட்கவில்லை.